பலகை நட யாரைக் கேட்பது?

சென்ற மாதம் வடசென்னையில் ஒரு தெருமுனைக் கூட்டம். ஒரு மணி நேரம் பேசினேன். கை தட்டினார்கள், சோடா உடைத்துக் கொடுத்தார்கள், மேடையை விட்டு இறங்கினேன். கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெரியவர் அருகே வந்தார். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன தோள். வெற்றிலைச் சிவப்பேறிய பல். கையைப் பிடித்தபடி பேத்தி. ஏழு வயதிருக்கும், தூக்கக் கலக்கத்திலே நின்றது.

"நல்லாப் பேசினீங்க தம்பி. டில்லி வரைக்கும் போயிட்டு வந்தீங்க. எங்க தெருவுக்கு எப்ப வரப்போறீங்க?" என்றார்.

சுருக்கென்றது. "தெருவிலே என்ன பெரியவரே?" என்று கேட்டேன்.

சொன்னார். தெருவின் கோடியிலே பேத்தியின் பள்ளிக்கூடம். முன்பு குண்டும் குழியுமாகக் கிடந்த தெரு. கேட்டுக் கேட்டு, போராடி, புதுத் தார் போட வைத்தார்கள். போட்ட அன்றைக்கு ஊரே மகிழ்ந்தது. மறுநாள் முதல் மோட்டார்கள் பறக்க ஆரம்பித்தன! பெரிய சாலையிலே நெரிசல் என்றால் குறுக்கு வழியாக இந்தத் தெருவிலே நுழைந்து, மறுமுனையிலே அம்பாகப் பாய்கின்றன. தெருவின் ஒரு பக்கம் முழுவதும் வண்டிகள் நிற்கின்றன. யாருடைய வண்டி என்று தெருவிலே யாருக்கும் தெரியாது. உறை போட்டு மாதக்கணக்கில் உறங்குகிறவையும் உண்டு. நடைபாதை அவற்றுக்கு அடியிலே இருக்கிறது என்று நம்ப வேண்டியதுதான். ஆகவே பிள்ளைகள் நடுத்தெருவிலே நடக்கின்றன. நடுத்தெருவிலேதான் மோட்டார் பாய்கிறது.

"மெதுவாப் போன்னு ஒரு பலகை வைக்கச் சொல்லி மூணு ஆபீஸ் ஏறி இறங்கிட்டேன் தம்பி. முதல் ஆபீஸ்லே, 'இது எங்க வேலை இல்லே, இரண்டாவதுக்குப் போ'ன்னாங்க. இரண்டாவதுலே, 'மூணாவதுக்குப் போ'ன்னாங்க. மூணாவதுலே இருந்தவரு நல்ல மனுசன். உட்கார வெச்சு, தண்ணி குடுத்து, 'முதல் ஆபீஸுக்குப் போங்க ஐயா'ன்னாரு. ஒரு பலகை நட யாரைத்தான் கேட்கிறது?"

ஒரு மணி நேரம் முழங்கியவனுக்குப் பதில் தெரியவில்லை தோழர்களே! "விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். ஆபீசிலே அவர் கேட்டுக் கேட்டுப் புளித்த சொல் அது. சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு பொறுக்காமல் விசாரித்தேன். அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை இருக்கிறதே, எந்த அதிகாரம் யாருக்கு என்று பிரித்துக் கொடுக்கும் அட்டவணை, அதைப் பற்றி நாம் பேசாத மேடை இல்லை. பெரியவரின் தெருவும் அதற்குள்ளேதான் இருக்கிறது. சாலை மாநிலப் பட்டியலிலே. காவல் துறையும் மாநிலப் பட்டியலிலே. மாநகராட்சி, நகராட்சி எனும் உள்ளாட்சி அமைப்புகளும் மாநிலப் பட்டியலிலே. ஆனால் அந்தச் சாலையிலே ஓடுகிற மோட்டார் மட்டும் இரு அரசுகளுக்கும் பொதுவான பட்டியலிலே! அந்தப் பட்டியலைக் கொண்டு நாடாளுமன்றம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை இயற்றியது. பெற்றவள் ஒருத்தி, பெயர் வைத்தவள் ஒருத்தி, அடிக்கும் உரிமை இன்னொருத்திக்கு என்றால் பிள்ளை யாரிடம் போய் அழும்? தெருவைப் போடுவது மாநகராட்சி. தெருவிலே ஓடும் வண்டிக்குச் சட்டம் எழுதுவது டில்லி. சட்டத்தைக் கையிலே பிடித்து நிற்பது மாநிலத்தின் காவல் துறை. பெரியவர் ஏறி இறங்கிய மூன்று படிகளின் இரகசியம் இதுதான்.

அந்தச் சட்டத்தின் 112-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உச்சவரம்பை மத்திய அரசு அறிவிக்கும். அதற்கு மேல் யாரும் போக முடியாது. ஆனால் அதற்குக் கீழே இறக்க, மாநில அரசுக்கோ, அது அதிகாரம் கொடுத்த ஒரு அமைப்புக்கோ உரிமை உண்டு. மக்களின் பாதுகாப்புக்காக, வசதிக்காக, அல்லது சாலையின், பாலத்தின் தன்மைக்காக, ஒரு குறிப்பிட்ட பகுதிக்கோ ஒரே ஒரு சாலைக்கோகூட வரம்பு விதிக்கலாம். இரண்டு நிபந்தனைகள். அரசிதழிலே அறிவிப்பு வெளியாக வேண்டும். சாலையிலே பலகை நட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகத் தடைக்கு அரசிதழ் அறிவிப்புகூடத் தேவையில்லை. அறிவிப்பு ஒரு கால், பலகை மறு கால். ஒரு காலிலே சட்டம் நிற்காது.

2018-இல் மத்திய அரசு உச்சவரம்பை உயர்த்தி அறிவித்தபோது நகர எல்லைக்குள் காருக்கு 70 கிலோமீட்டர் என்று எழுதியது. எழுபது! நகரத்துக்குள்ளே! பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற தெருவும் நகரத்துக்குள்ளேதான் இருக்கிறது. டில்லியிலே உட்கார்ந்து எழுதுகிறவருக்கு எல்லாத் தெருவும் ஒரே தெரு. அதனால்தான் இறக்கும் உரிமை இங்கே இருக்கிறது, இருந்தாக வேண்டும்.

சரி, எவ்வளவுக்கு இறக்குவது? இங்கேதான் பொறியாளர்களின் ஒரு பழைய கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலே வளர்ந்து உலகெங்கும் நடமாடும் கணக்கு. சாலையோரத்திலே நின்று, தடையில்லாமல் ஓடுகிற வண்டிகளின் வேகத்தை அளப்பார்கள். நூறு வண்டிகளில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் ஓடுகின்றனவோ அந்த வேகத்தையே வரம்பாக எழுதுவார்கள். அதாவது, வேகத்துக்கு வரம்பு விதிப்பவன் வேகமாக ஓட்டுகிறவனே! மளிகைக் கடையிலே நூறு பேர் எடை குறைத்துப் போடுகிறார்கள். அவர்களில் 85 பேர் எவ்வளவு குறைக்கிறார்களோ அதுவே நியாயமான எடை என்று தராசு முத்திரை போடுகிறவர் தீர்ப்புச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது. அந்தச் சாலையைக் கடக்க அஞ்சி வீட்டிலேயே இருந்துவிட்ட கிழவி இந்தக் கணக்கில் வரமாட்டாள். ஓடுகிற வண்டியைத்தானே அளக்கிறார்கள். ஓட முடியாத காலை யார் அளப்பது? அமெரிக்காவே இப்போது கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் வெளியான அவர்களுடைய போக்குவரத்துக் குறியீட்டுக் கையேடு, அந்தக் கணக்கை மட்டும் நம்பாதே, சுற்றிலும் என்ன இருக்கிறது, யார் நடக்கிறார்கள் என்பதையும் பார் என்கிறது.

பார்த்தால் என்ன தெரியும்? பிரிட்டனில் ஓட்டுநர்களுக்குக் கொடுக்கும் விதிப் புத்தகத்திலே ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார், ஆபத்தைக் கண்டு, பிரேக் போட்டு, நிற்பதற்கு 12 மீட்டர் ஆகும். 48 கிலோமீட்டர் என்றால் 23 மீட்டர். 64 என்றால் 36 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு. நிற்க வேண்டிய தூரமோ மூன்று மடங்கு. பெரியவரின் பேத்தி 15 மீட்டருக்கு முன்னால் பந்தை எடுக்க ஓடினால், முதல் கார் அவளுக்கு முன்னால் நின்றுவிடும். இரண்டாவது கார் அவள்மீது ஏறிய பிறகே நிற்கும். இந்தச் சில மீட்டர்களுக்காகத்தான் 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள், நடப்பவரும் மோட்டாரும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று அறைகூவல் விடுத்தார்கள்.

அமைச்சர்கள் கூடுவார்கள், அறைகூவல் விடுவார்கள், கலைவார்கள் என்கிறீர்களா? அப்படியானால் நம் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். நாளொன்றுக்கு 49 பேர்! அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே நாம்தான் முதலிடம் — 64,105. எதெதிலோ முதலிடம் என்று மார்தட்டுகிறோமே, இதையும் சேர்த்துத்தான் தட்ட வேண்டும். இந்தியா முழுவதும் அந்த ஆண்டு நடந்து சென்றவர்களில் மாண்டவர்கள் 32,825 பேர். சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 71 பேரின் சாவுக்கு அதிவேகம் காரணம் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. யார் இந்த நடந்து சென்றவர்கள்? காரிலே போகிறவர் காலையில் கடற்கரையில் நடப்பார், அது உடம்புக்கு. நம்மவன் நடப்பது வேலைக்கு.

தோழர்களே, மோட்டார் பிறந்த காலத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது தெரியுமா? 1865-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அப்போது ஓடியவை நீராவி வண்டிகள். ஊருக்குள்ளே மணிக்கு 2 மைல், ஊருக்கு வெளியே 4 மைல். அதற்கு மேல் ஓடக் கூடாது. அதுமட்டுமல்ல, வண்டிக்கு முன்னால் 60 கஜ தூரத்தில் ஒரு ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும்! பிற்காலத்துப் பணக்கார மோட்டார்க்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிக் கைகொட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தவன்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் உள்ளே ஒரு நியாயம் இருந்தது: தெரு நடக்கிறவனுடையது, ஆபத்தைக் கொண்டுவருகிறவன் அனுமதி கேட்டு வர வேண்டும். 1896-இல் கட்டைத் தளர்த்தினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் இலண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கோல் என்ற 44 வயதுப் பெண்மணி மோட்டார் மோதி இறந்தார். பிரிட்டனில் அப்படி இறந்த முதல் பாதசாரி அவர். 1930-இல் போட்ட சட்டம் கார்களுக்கு வேக வரம்பையே நீக்கிவிட்டது. விளைவு? 1934-ஆம் ஆண்டில் மட்டும் 7,343 பேர் மாண்டார்கள். அலறியடித்துக்கொண்டு, 1935 மார்ச் 18 முதல் மக்கள் வாழும் பகுதிகளில் 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர் என்று மறுபடியும் கட்டினார்கள். கொடி பிடித்தவனை விரட்டியவர்கள், 39 ஆண்டுகளுக்குப் பிறகு அவனைப் பலகையாக்கித் தெருவோரத்தில் நிற்க வைத்தார்கள்.

அங்கே ஒரு வேடிக்கையான விதி உண்டு. எல்லாத் தெருவிலும் பலகை தேவையில்லை. 200 கஜத்துக்கு மேற்படாத இடைவெளியில் விளக்குக் கம்பங்கள் நிற்கும் தெரு என்றால், அது மக்கள் வாழும் தெரு. தானாகவே வரம்புக்குள் வந்துவிடும். விளக்குக் கம்பமே பலகை! இதைப் பிடித்துக்கொண்டுதான், சுமார் 30 லட்சம் பேர் வாழும் வேல்ஸ் நாடு, 2023 செப்டம்பர் 17 முதல் அந்தத் தெருக்களின் வரம்பை 30 மைலிலிருந்து 20 மைலாக, ஏறத்தாழ 32 கிலோமீட்டராக, ஒரே நாளில் இறக்கியது. 'இந்தத் தெருவில் வேகம் கூடலாம்' என்று தோன்றினால் அங்குள்ள 22 உள்ளாட்சி மன்றங்களும் காரணம் காட்டி விலக்களிக்கலாம்.

கவனித்தீர்களா தோழர்களே? இங்கேதான் விஷயமே இருக்கிறது. மூட்டை தூக்கும் பெரியவர் மூன்று ஆபீஸ் ஏறி, 'வேகத்தைக் குறையுங்கள்' என்று மனுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வேல்ஸிலே அதே படிக்கட்டில், 'வேகத்தைக் கூட்டுங்கள்' என்று கேட்கிறவன் ஏற வேண்டியிருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறது. யார் போய் அதைப் புரட்ட வேண்டும் என்பதுதான் கேள்வி. காருள்ளவனுக்கு வக்கீல் உண்டு, நேரம் உண்டு, ஆங்கிலம் உண்டு, அலுவலகத்தில் தெரிந்த முகம் உண்டு. அவன் ஏறட்டுமே படிக்கட்டு!

ஏறினார்கள். வேல்ஸிலும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் கையெழுத்து வாங்கி எதிர்த்தார்கள். சிறிய நாட்டில் அது பெரிய கூட்டம். அரசு கொஞ்சம் இறங்கி வந்தது. 2024-இல், எந்தெந்தத் தெருவில் மறுபடியும் 30 மைல் வேண்டும் என்று கேளுங்கள், உள்ளாட்சி மன்றம் ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கட்டும் என்றது. சில சாலைகள் திரும்பின, பெரும்பாலானவை திரும்பவில்லை. அந்தத் தெருக்களில் காயம்பட்டோர், மாண்டோர் எண்ணிக்கை முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் 30 கிலோமீட்டர்தான் வரம்பு. 2024 ஜூலை முதல் 2025 ஜூலை வரை அந்த நகரில் சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. வேகத்தை மட்டும் குறைத்து இதைச் செய்துவிடவில்லை. தெருவைக் குறுக்கினார்கள், நடைபாதையை அகலமாக்கினார்கள், கேமராவும் வைத்தார்கள்.

இனி சென்னைக்கு வருவோம். 2023 நவம்பர் 4 முதல் போக்குவரத்துக் காவல் துறை புது வரம்புகளை அமலாக்கியது. காருக்கு 60, கனரக வண்டிக்கு 50, இருசக்கர வண்டிக்கு 50, ஆட்டோவுக்கு 40. ஆட்டோத் தோழர்கள் இதைப் படித்ததும், 'பார்த்தாயா, மூன்று சக்கரத்துக்கு 40, சீமான் சக்கரத்துக்கு 60' என்பார்கள். மூன்று சக்கரம் வேகத்தில் கவிழும், அது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். கார் கவிழாது; ஆனால் எதிரே வருகிறவனைக் கவிழ்க்கும்! அது இருக்கட்டும். அந்த அறிவிப்பில் கடைசியாக ஒரு வரி இருந்தது. அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் 30 கிலோமீட்டர்!

அப்படியானால்? பெரியவர் கேட்டது ஏற்கனவே கொடுக்கப்பட்டுவிட்டது! அவர் தெரு குடியிருப்புத் தெருதான், சந்தேகமே இல்லை. மாநகராட்சி வைத்திருக்கும் சாலைகளில் பேருந்து ஓடும் சாலைகள் சுமார் 390 கிலோமீட்டர். உட்புறத் தெருக்களோ 5,000 கிலோமீட்டருக்கும் மேலே. சென்னையின் பெரும்பகுதி பெரியவரின் தெருதான். காகிதத்திலே 30 இருக்கிறது. தெருவிலே பலகை இல்லை. அறிவிப்பு ஒரு கால், பலகை மறு கால் என்றேனே, ஒற்றைக் காலில் நிற்கிறது சட்டம். பெரியவர் சலுகை கேட்கவில்லை. அரசு தானே சொன்ன சொல்லை ஒரு தகரத்திலே எழுதி மாட்டு என்கிறார்.

தகரம் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. பலகையைப் பார்த்து நிதானிக்கிறவன் பலகை இல்லாமலே நிதானிப்பான். நம் ஊரிலே வழக்கம் என்ன? ஒரு உயிர் போகும், சாலை மறியல் நடக்கும், அதிகாரி வருவார், இரவோடு இரவாக ஒரு வேகத்தடை முளைக்கும். அதுவும் எப்படி? பூசணிக்காயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல. கர்ப்பிணிப் பெண் ஆட்டோவிலே போனால் துடிப்பாள். இந்திய சாலைப் பேரவையின் அளவு இருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 செண்டிமீட்டர் உயரம், மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். அந்த அளவில் போட்டால் மெதுவாகப் போகிறவனுக்கு வலிக்காது. வேகமாகப் போகிறவனுக்கு மட்டும் வலிக்கும். சாவு விழுந்த பிறகு அவசரத்தில் கொட்டுகிற தாருக்கு அளவும் கிடையாது, அதைக் காட்டும் வெள்ளைக் கோடும் கிடையாது.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் ஓட்டுநர் தோழர்களின் முணுமுணுப்பு காதில் விழுகிறது. 'அண்ணே, வண்டி ஓட்டுகிறவனும் பாட்டாளிதானே? அபராதம் எங்கள் தலையில்தானே?' நியாயமான கேள்வி. 2019-இல் திருத்திய சட்டத்தின்படி அதிவேகத்துக்குக் காருக்கும் ஆட்டோவுக்கும் 1,000 ரூபாய் முதல் 2,000 வரை, லாரிக்கு 2,000 முதல் 4,000 வரை. முதலாளிக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. ஓட்டுநருக்கு இரண்டு நாள் கூலி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்குப் பாருங்கள். 2 கிலோமீட்டர் நீளமுள்ள தெருவை 50-இல் ஓடினால் 2 நிமிடம் 24 விநாடி. 30-இல் ஓடினால் 4 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேலே. அந்த ஒன்றரை நிமிடத்தை உங்களிடமிருந்து பறிப்பது யார்? பத்து நிமிடத்தில் வீட்டுக்கே பொருள் வரும் என்று விளம்பரம் செய்தார்களே, அந்தக் கம்பெனிக்காரர்கள் வண்டி ஓட்டினார்களா? முதுகிலே பெட்டி சுமந்த பிள்ளை ஓட்டினான். அவன் விழுந்தால் அவன் கால் முறியும்; விளம்பரத்துக்கு எதுவும் முறியாது. 30 என்ற பலகை அந்தப் பிள்ளைக்கு எதிரி அல்ல. 'சட்டம் விடவில்லை ஐயா' என்று முதலாளியிடம் சொல்ல அவனுக்குக் கிடைக்கும் ஒரே சாக்கு அது.

பெரியவர் சொன்னதில் இன்னொரு பாதி பாக்கி: நிற்கிற வண்டிகள்.

ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடம் வேண்டும். சதுர அடியிலே சொன்னால் 135. நம் தோழர்கள் பலர் பெண்டு பிள்ளைகளோடு படுத்துறங்கும் அறை அவ்வளவுதான். அந்த அறைக்கு வாடகை உண்டு, முன்பணம் உண்டு. தெருவிலே நிற்கும் காருக்கு? அதே தெருவிலே ஆறடிக்கு நான்கடி தள்ளுவண்டியில் இட்லி விற்கிற அம்மாவை 'ஆக்கிரமிப்பு' என்று தூக்கி எறிகிறார்கள். அவளுக்கு 2014-ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடியும்வரை விரட்டக் கூடாது என்கிறது அது. விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேராவது தெரு வணிகர்களாக இருக்க வேண்டும் என்கிறது. அத்தனையும் இருந்தும் அவள்தான் ஓடுகிறாள். உறை போட்ட கார் ஓடுவதில்லை.

வண்டி நிறுத்துவதற்குக் காசு வாங்கும் யோசனையை உலகுக்குக் கொடுத்தவர் யார் தெரியுமா? ஒரு பத்திரிகைக்காரர்! அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் பத்திரிகை நடத்தியவர் கார்ல் மகீ. அந்த ஊர்க் கடைத்தெருவில் காலையில் வேலைக்கு வருகிறவர்கள் கடை வாசலிலேயே காரை நாள் முழுவதும் நிறுத்திவிடுவார்கள். வாங்க வருகிறவர்களுக்கு இடமில்லை. மகீ ஒரு பொறியைச் செய்ய வைத்தார். 1935 ஜூலை 16-ஆம் நாள் முதல் பொறி நடப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு 5 சென்ட். தெருவுக்குக் காசா என்று சீறினார்கள் முதலில். கொஞ்ச நாளில், பொறி வைத்த பக்கத்திலே வண்டிகள் வந்து வந்து போக, வியாபாரம் நடக்க, எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர்கள் எங்களுக்கும் வை என்று கேட்டு வாங்கினார்கள்.

ஜப்பான் இன்னும் ஒரு படி மேலே. அங்கே 1962 முதல் சட்டம் இருக்கிறது. கார் வாங்குகிறாயா, வாங்கு. ஆனால் அதை நிறுத்த உனக்கு இடம் இருக்கிறது என்று போலீசிடம் சான்று வாங்கிக் காட்டு, வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், தெருவைக் காட்டாதே! வேல்ஸின் வேக விதியும் ஜப்பானின் நிறுத்த விதியும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள். இடைஞ்சல் கொண்டுவருகிறவன்தான் காகிதம் கொண்டுவர வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

நம் சட்டத்தில் இதற்கு 117-ஆம் பிரிவு. எங்கே நிறுத்தலாம், எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்பதை மாநில அரசோ, அது அதிகாரம் அளித்த அமைப்போ தீர்மானிக்கும். ஆனால் அந்தந்த உள்ளாட்சி அமைப்பைக் கலந்தாலோசித்தே தீர்மானிக்க வேண்டும். கலந்தாலோசித்து! சட்டத்திலே உள்ளாட்சிக்கு விட்டிருக்கும் சின்ன ஜன்னல் அது. ஜன்னல் சின்னதுதான், ஆனால் நம் மாமன்ற உறுப்பினர் அதன் வழியாகத் தலையை நீட்டி ஒரு வார்த்தை கேட்டதுண்டா? தெருவிலே நடைபாதையை மீட்க முடியும் என்பதற்குத் தியாகராய நகரின் பாண்டி பஜாரே சாட்சி. 2019 நவம்பரில் அங்கே வண்டிக்கு இடத்தைக் குறைத்து, நடக்கிறவருக்கு அகலமாகக் கொடுத்தார்கள். அது செல்வர் கூடும் கடைத்தெரு, ஆகவே முடிந்தது என்று சொல்வார் உண்டு. நடக்கிறவனின் கால் அங்கே ஒரு மாதிரி, வடசென்னையில் ஒரு மாதிரியா இருக்கிறது?

யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு விடை இது: சென்னையில் வேகமும் பலகையும் போக்குவரத்துக் காவல் துறையிடம், தெருவும் வேகத்தடையும் நடைபாதையும் மாநகராட்சியிடம், பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையிடம். மாவட்டங்களில் என்றால் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு கூடுகிறது. மனு அங்கே போகலாம். ஆனால் தனியாக ஒரு மனு போனால் மூன்று படிக்கட்டும் மறுபடி. 2022-இல் நகரங்களுக்கு வார்டு குழு, பகுதி சபை என்று விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் பகுதி சபைகள் கூடின. கூடிய இடங்களிலே குப்பையைப் பற்றிப் பேசினார்கள், விளக்கைப் பற்றிப் பேசினார்கள், நல்லதுதான். வேகத்தைப் பற்றிப் பேசலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

இரண்டு வாரத்துக்குப் பிறகு பெரியவரைத் தேடிப் போனேன். மனுவை அவர் வீட்டுத் திண்ணையிலேயே எழுதினோம். 2023 நவம்பர் 4-ஆம் நாள் அறிவிப்பைக் குறிப்பிட்டு, 30 என்ற பலகை தெருவின் இரு முனையிலும் வேண்டும். பள்ளிக்கு முன்னால் அளவுப்படி ஒரு வேகத்தடை வேண்டும். பள்ளிப் பக்கத்தில் வண்டி நிறுத்தக் கூடாது. மூன்றே வேண்டுகோள். பெரியவர் படிக்கச் சொல்லிக் கேட்டார். "எத்தனை வண்டி போகுது, எத்தனை அடி தெரு, அதெல்லாம் எழுதலையே? கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றார். மூன்று ஆபீஸ் ஏறிய அனுபவம் பேசிற்று!

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குப் படிப்பகத்து வாசலில் கூடுகிறோம். தெருவின் நீளம், அகலம், நடைபாதை எத்தனை அடி, அதில் வண்டி நிற்பது எத்தனை அடி என்று அளக்க வேண்டும். மறுநாள் திங்கட்கிழமை, பள்ளி விடும் நேரத்தில், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வண்டி போகிறது என்று எண்ண வேண்டும். எண்ணுவதற்கு இளைஞர்கள் நாலு பேர் போதும். அளக்கும் நாடா நம்மிடம் இல்லை. கொத்தனார் தோழர்கள் யாரேனும் கொண்டு வரவும்.